பே லேக்: அலங்கரிக்கப்பட்ட ஒரு சதுப்பு

1963 நவம்பர் 22ஆம் தேதி வால்ட் டிஸ்னி மத்திய ஃப்ளோரிடாவின் மேல் விமானத்தில் பறந்தார். கீழே ஆரஞ்சுத் தோப்புகள், மேய்ச்சல் நிலங்கள், சைப்ரஸ் மரங்கள் நிற்கும் சதுப்புகள். அவற்றின் நடுவே பே லேக் என்ற ஏரியும், ஏரிக்குள் ஒரு சிறு தீவும் தெரிந்தன. தாம் தேடிய இடம் இதுதான் என்று அவர் முடிவு செய்தார். விமானம் நியூ ஆர்லியன்ஸில் இறங்கிய பிறகே கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி அவரை எட்டியது. பின்னர் அந்த மாநிலத்தின் கிழக்குக் கரையிலிருந்த விண்வெளித் தளத்துக்கு அந்த ஜனாதிபதியின் பெயர் சூட்டப்பட்டது. தளம், ஏரி இரண்டின் கதைகளும் பின்னால் ஒரு குருவியின் சாவில் வந்து சேர்கின்றன.

பெயர் வெளியில் தெரியாத துணை நிறுவனங்களின் மூலம் சுமார் 27,000 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. வால்ட் டிஸ்னி 1966இல் இறந்துவிட்டார். நிலத்தைத் திருத்தும் பணியை ஏற்றவர், பனாமா கால்வாய் மண்டலத்தின் ஆளுநராக இருந்த ஜெனரல் ஜோ பாட்டர். சதுப்பின் நீரை வடிக்கக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. அவை மனிதர் வெட்டியவை என்று தோன்றாதிருக்க நேர்கோட்டைத் தவிர்த்து ஆறுபோல் வளைத்து வெட்டினார்கள். மரங்களின் சாறு இறங்கித் தேயிலை நிறத்தில் இருந்த பே லேக்கின் நீரை முற்றிலும் இறைத்துச் சேற்றை அள்ளியபோது அடியில் வெண்மணல் கிடைத்தது. அதுவே கரைகளில் பரப்பப்பட்டுக் கடற்கரையாயிற்று. பக்கத்தில் செவன் சீஸ் லகூன் என்ற செயற்கை ஏரி தோண்டப்பட்டது. அதன் மண்ணைக் கொட்டி உயர்த்திய தரையில்தான் 1971 அக்டோபர் 1ஆம் தேதி மேஜிக் கிங்டம் திறக்கப்பட்டது. இரண்டு ஏரிகளும் இணைக்கப்பட்டன. வருகிறவர்களுக்குக் கடற்கரையும் படகுத்துறையும் மட்டுமே தெரிந்தன.

சதுப்பு அழியவில்லை, அதன் மேல் ஒரு காட்சி போர்த்தப்பட்டது. இந்த வேறுபாடுதான் பிற்கால நிகழ்வுகளுக்கெல்லாம் வேர்.

*

1976 ஜூன் 20ஆம் தேதி ஏரிக்கரையில் ரிவர் கன்ட்ரி திறக்கப்பட்டது. அது டிஸ்னியின் முதல் நீர்ப் பூங்கா. மார்க் ட்வெய்னின் சிறுவர்கள் குதித்துக் குளித்திருக்கக் கூடிய ஓர் ஆற்று மடுவை அப்படியே எழுப்ப வேண்டும் என்பது கற்பனை. மணல் தரை, செயற்கைப் பாறைகள், கயிற்று ஊஞ்சல், சறுக்குகள். ஏரி நீரே வடிகட்டப்பட்டு உள்ளே ஏற்றப்பட்டது. குளத்தின் மட்டம் ஏரியைவிடச் சில அங்குலம் உயரமாக வைக்கப்பட்டதால் நீர் உள்ளிருந்து வெளியேதான் வழியும். ஏரி உள்ளே நுழையாது. எளிமையும் அழகும் கொண்ட பொறியியல் அது.

ஆனால் வடிகட்டிக்குத் தெரியாதவை உண்டு. 1980 கோடையில் ஒரு சிறுவன் அங்கே குளித்தபின் மூளை அழற்சியால் இறந்தான். காரணம் நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா. வெதுவெதுப்பான நன்னீரில் இயல்பாக வாழும் இந்த ஓரணு உயிரி, விழுங்கினால் தீங்கு செய்யாது. மூக்கின் வழியே ஏறினால் நரம்பைப் பற்றி மூளையை அடைந்துவிடும். நோய் கண்டவர்களில் பிழைத்தோர் மிகச் சிலர். அது எவருடைய அசுத்தத்தாலும் வந்ததன்று. ஃப்ளோரிடாவின் ஏரிகளில் எங்கும் உள்ளது. இயற்கையான மடு வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இயற்கை அதன் முழுமையோடு கிடைத்தது என்பதே இதன் கொடுமை.

பூங்கா மேலும் இருபதாண்டுகள் இயங்கியது. இதற்கிடையே 1989இல் டைஃபூன் லகூனும் 1995இல் ப்ளிசார்ட் பீச்சும் வந்துவிட்டன. குளோரின் கலந்த நீரும் சிமென்ட் தரையும் கொண்ட அவற்றின் முன் பழைய மடு சிறியதாயிற்று. 2001 நவம்பரில் மூடப்பட்ட ரிவர் கன்ட்ரி பிறகு திறக்கவேயில்லை. ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் சறுக்குகளின் மேல் கொடிகள் படர்ந்தன, குளத்தில் பாசி மூடியது. 2018க்குப் பின் அவை இடிக்கப்பட்டன.

*

தீவின் கதை இன்னும் நுட்பமானது. 1974இல் புதையல் தீவு என்ற பெயரில் பறவைகள் காட்டத் திறக்கப்பட்ட அது, விரைவிலேயே டிஸ்கவரி ஐலண்ட் என்று பெயர் மாறி முறையான விலங்குக் காட்சியகமாக வளர்ந்தது.

ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில், மெரிட் தீவிலும் செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரைச் சதுப்பிலும் மட்டும் வாழ்ந்த ஒரு கருநிறக் கடலோரக் குருவி உண்டு. டஸ்கி சீசைட் ஸ்பாரோ என்பார்கள். விண்வெளித் தளத்தை ஒட்டிய மெரிட் தீவில் கொசுக்களை ஒழிக்கச் சதுப்பில் நீர் தேக்கப்பட்டது. குருவிகளின் வாழிடம் மூழ்கியது. ஆற்றங்கரையில் நேர்மாறாக மேய்ச்சலுக்காக நீர் வடிக்கப்பட்டது. காய்ந்த புல்லைத் தீ தின்றது. விண்வெளித் தளத்தின் கரையையும் டிஸ்னியின் ஆர்லண்டோவையும் இணைக்கும் சாலை எஞ்சியதை ஊடறுத்தது. 1971இல் அரசு ஒரு சரணாலயம் அமைத்தும் 1975க்குப் பிறகு ஒரு பெண் குருவிகூடக் கண்ணில் படவில்லை. 1983இல் கடைசியாக உயிரோடிருந்த நான்கு ஆண் குருவிகள், வேறொரு கிளையினப் பெண் குருவிகளோடு கலந்து வாரிசு உண்டாக்கும் நம்பிக்கையில், டிஸ்கவரி ஐலண்டுக்குக் கொண்டுவரப்பட்டன. காலில் கட்டிய வளையத்தின் நிறத்தால் ‘ஆரஞ்சு பேண்ட்’ என்று அழைக்கப்பட்ட கடைசிக் குருவி 1987 ஜூனில் முதுமையால் இறந்தது. 1990இல் அந்த இனம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சியையே சரக்காக விற்கும் ஓர் உலகத்தின் நடுவே, வாத்திய ஒலி கேட்கும் தொலைவில், ஓர் உயிர்வகை முடிந்தது.

அதே 1987 ஜூனில்தான் அமெரிக்க அரசு இன்னொரு கணக்கையும் முடித்தது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு 1967இல் அருகிவரும் உயிரினப் பட்டியலில் இடம்பெற்ற அலிகேட்டர் முதலை முழுமையாக மீண்டுவிட்டது என்று அறிவித்தது. இன்று ஃப்ளோரிடாவில் அவற்றின் எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் மேல். குருவிக்குத் தன் சதுப்பைத் தவிர வேறிடம் இல்லை. முதலையோ கால்வாய், குட்டை, கோல்ஃப் மைதானத்துக் குளம் எதிலும் வாழும். வளைத்து வெட்டிய அந்தக் கால்வாய்கள் அதற்கு இயல்பான வழிகள்.

1999இல் டிஸ்கவரி ஐலண்ட் மூடப்பட்டு, விலங்குகள் பெரும்பாலும் முந்தைய ஆண்டு திறந்த அனிமல் கிங்டத்துக்குச் சென்றன. கட்டடங்கள் அப்படியே விடப்பட்டன. 2020இல், பெருந்தொற்றால் பூங்காக்கள் மூடிக் கிடந்தபோது, ஒருவர் அங்கே சில நாட்கள் தங்கியிருந்து பிடிபட்டார். அது தடை செய்யப்பட்ட இடம் என்று தமக்குத் தெரியாது என்றார்.

*

2016 ஜூன் 14ஆம் தேதி இரவு, செவன் சீஸ் லகூனின் வெண்மணற் கரையில், கணுக்காலளவு நீரில் நின்ற இரண்டு வயதுக் குழந்தையை ஒரு முதலை இழுத்துச் சென்றது. தந்தை நீரில் பாய்ந்து போராடியும் மீட்க முடியவில்லை. மறுநாள் உடல் கிடைத்தது.

கரையில் அறிவிப்புப் பலகை இல்லாமலில்லை. நீந்தக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. ஏன் என்று எழுதியிருக்கவில்லை. வெளியூரிலிருந்து வரும் பெற்றோர் அதை நீச்சல் விதியாகத்தான் படிப்பார்கள். குழந்தை நீரில் கால் நனைப்பது நீந்துவதாகாது. வெண்மணலும் சாய்வு நாற்காலிகளும் நீரருகே வா என்று அழைக்கும்போது, காரணம் சொல்லாத ஒரு விலக்குக்கு என்ன வலு இருக்கும்? முதலை அங்கே புதிதாக வந்ததல்ல; 1971க்கு முன்பே அது அங்கு இருந்தது. கரையின் அழகு அதைச் சொல்லவிடவில்லை.

சில நாட்களுக்குள் கரைநெடுகக் கயிறு கட்டப்பட்டது. பின்னர் பாறைகள் அடுக்கப்பட்டன. பலகைகளும் மாறின. முதலைகளும் பாம்புகளும் உள்ள இடம், நீரை விட்டு விலகி நில்லுங்கள் என்று அவை இப்போது சொல்கின்றன. மேஜிக் கிங்டம் திறந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகவிருந்த வேளையில், அந்தக் கரை முதல் முறையாகத் தன்னிடம் வாழ்பவற்றின் பெயரைச் சொன்னது.