லயத்து வீடு யார் பேரில்?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடப்புக்கு வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம். ஆனால் அதற்கு ஆள் போடுவதும் காசு ஒதுக்குவதும் மாநிலங்களின் வேலை. தமிழ்நாடும் கேரளமும் இந்த வேலையை எப்படிச் செய்கின்றன என்று ஒப்பிட, சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் துறை ஆண்டறிக்கைகளைப் புரட்டலாம். நான் வண்டிப்பெரியாரில் நின்று பார்க்க விரும்புகிறேன். அறிக்கைகளில் மறைந்துபோகும் சில விஷயங்கள் அங்கே நன்றாகத் தெரியும்.

கோட்டயம்–குமுளி சாலையில், பெரியாற்றங்கரையில், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் பீர்மேடு தாலுகாவைச் சேர்ந்த தோட்டத்து ஊர் அது. சுற்றிலும் தேயிலை, தேயிலைக்கு நடுவே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள், லயங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள். குமுளி பதினைந்து கிலோமீட்டருக்குள் வந்துவிடும். அங்கிருந்து மலை இறங்கினால் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று தேனி மாவட்டம் விரியும். மேலே பிறந்த பெண் கம்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போவாள். கூடலூர்ப் பெண் லயத்துக்கு மருமகளாக ஏறி வருவாள். அடி பொறுக்க முடியாமல் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பும் நாளில், தாய்வீடு மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும். இப்படிப்பட்ட பெண்ணுக்கு அரசுகள் இரண்டு.

கீழே இறங்கினால் அவள் முதலில் தேடுவது காவல் நிலையத்தை. குடும்பச் சண்டைக்குத் தமிழ்நாடு கொடுத்த விடையே அதுதான். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. இன்று மாநிலம் முழுவதும் 200-க்கும் மேல் இருக்கின்றன. தமிழ்நாடுதான் இதற்கு முன்னோடி என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இந்தியாவின் முதல் மகளிர் காவல் நிலையம் 1973-இல் கோழிக்கோட்டில் இந்திரா காந்தி திறந்து வைத்தது. கேரளம் அதை ஊருக்கு ஊர் பரப்பவில்லை. மாவட்டத்துக்கு ஒரு வனிதா செல், சாதாரண நிலையங்களில் ஓர் உதவி மேசை என்ற வழியில் போய்விட்டது. பத்தொன்பது ஆண்டு பிந்தித் தொடங்கிய தமிழ்நாடுதான் தாலுகா ஊர்கள்வரை பெண் ஆய்வாளரைக் கொண்டுவந்து உட்காரவைத்தது.

அந்த நிலையத்துக்குள் நடப்பது தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குத் தெரியாததல்ல. மனு எழுதிக் கொடுக்க வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைக்கும். அது முதல் தகவல் அறிக்கை அல்ல, மனு வந்தது என்பதற்கான சான்று மட்டுமே. புருஷனுக்குப் போன் போகும். இரண்டு பக்கத்து மாமன் மச்சான்களும் வராந்தாவில் நிற்பார்கள். உள்ளே "கவுன்சலிங்" நடக்கும். இனிமேல் கை நீட்ட மாட்டேன் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்குவார்கள். இதை முழுக்க இகழ்ந்துவிட எனக்கு மனமில்லை. காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் "வாடா இங்க" என்று கூப்பிட்டது பல வீடுகளில் சில மாத நிம்மதியைக் கொடுத்திருக்கிறது. வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, பேசுவது அவளுடைய மொழியில்.

ஆனால் அந்த வெள்ளைத்தாளுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை. நடுவர் பிறப்பிக்கும் பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டுவரை சிறை, 20,000 ரூபாய்வரை அபராதம். வெள்ளைத்தாளை மீறினால் இன்னொரு வெள்ளைத்தாள். சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, புகாரோடு வரும் பெண்ணிடம் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யும் உரிமை, பாதுகாப்பு அலுவலரின் உதவி, இலவச சட்ட உதவி, கொடுமை வழக்குத் தொடரும் உரிமை ஆகியவற்றைச் சொல்லியே ஆகவேண்டியது காவலரின் கடமை. சமாதானம் பேசி அனுப்பும் நிலையம் இதைச் சொல்வதில்லை, சொன்னால் சமாதானம் நடக்காது. தமிழ்நாட்டு முறையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. காவல் நிலையம் அருகில் இருக்கிறது. அருகில் இருப்பதாலேயே விவகாரம் நீதிமன்றம் வரை போகாமல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

கேரளத்தின் வழி வேறு. அது காவல் நிலையத்தைவிட வார்டை நம்புகிறது. மகளிர் ஆணையத்தின் முயற்சியில் 1990-களின் பிற்பகுதியில் உருவான ஜாக்ரதா சமிதிகள் ஊராட்சித் தலைவரின் தலைமையில் இயங்குபவை. அங்கன்வாடி மேற்பார்வையாளரும் காவல்துறையும் வக்கீலும் அதில் உண்டு, வார்டு அளவிலும் அதற்குக் கிளை உண்டு. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ, பத்து இருபது வீட்டுப் பெண்களை ஓர் அயல்கூட்டமாகச் சேர்த்தது. 2013-இலிருந்து அதே அமைப்பு ஸ்நேகிதா என்ற உதவி மையங்களையும் நடத்துகிறது. அரசு மருத்துவமனைகளில் பூமிகா மையங்கள் இருக்கின்றன. இவற்றில் எனக்கு மிகவும் புத்திசாலித்தனமாகப் படுவது பூமிகாதான். அடி வாங்கிய பெண் காவல் நிலையத்துக்குப் போகாமல் இருக்கலாம், உடைந்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க முடியாது. "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்பவளிடம் இன்னொரு கேள்வி கேட்க அங்கே ஓர் ஆள் இருப்பது பெரிய விஷயம்.

இந்த அமைப்பு லயத்துக்குள் நுழையும்போது என்ன ஆகிறது? கேரளத்தின் மற்ற கிராமங்களில் வார்டு என்பது தனித்தனி வீடுகளும் தோப்புகளும். தோட்டத்தில் வார்டு உறுப்பினரும் யூனியன் கன்வீனரும் அடிக்கிற புருஷனும் ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருக்கலாம். அவள் சொல்வது யாருக்கும் தெரியாததல்ல. தினமும் கேட்கிற சத்தம்தான். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எல்லோருக்கும் தெரிந்தவர்களிடமே "பராதி"யாக, அதாவது புகாராக, கொடுப்பதற்கு அசாத்திய துணிச்சல் வேண்டும். வண்டிப்பெரியாருக்கு இன்னொரு கசப்பும் உண்டு. 2021-இல் அங்கே ஒரு லயத்துச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், 2023 டிசம்பரில் கட்டப்பனை விரைவு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவரை விடுதலை செய்தது; புலனாய்வின் குறைகளைத் தீர்ப்பே சுட்டிக்காட்டியது. அது குடும்ப வன்முறை வழக்கு அல்ல. ஆனால் குழந்தையின் சாவுக்கே நியாயம் வாங்கித் தராத ஸ்டேஷனில் கன்னத்தில் விழுந்த அறைக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு தாய் நினைத்தால் அவளைக் குறை சொல்ல முடியாது.

எண்களைப் பார்த்தால் கேரளம் வெகுதூரம் முன்னே நிற்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன மணமான பெண்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38, கேரளத்தில் ஏறத்தாழ 10, இந்தியச் சராசரி 29. ஆனால் அதே கணக்கெடுப்பில், சில காரணங்களுக்காக மனைவியை அடிப்பது சரியே என்று சொன்ன கேரளப் பெண்கள் பாதிக்கும் மேல். பத்துப் பேர் அடி வாங்குகிறார்கள், ஐம்பது பேர் அடி சரியே என்கிறார்கள் என்றால், பத்து என்ற எண்ணை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். படித்த மாநிலத்தில் வெளியே சொல்லக் கூச்சம் அதிகம் என்பது ஒரு பக்கம். கேரளச் சராசரிக்குள் லயத்துத் தமிழ்ப் பெண் ஒரு துளிதான், அவளுடைய நிலை அந்தச் சராசரியில் தெரியாது என்பது இன்னொரு பக்கம்.

இரண்டு அரசுகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு, யாரும் ஒப்பிட்டுக் காட்ட விரும்பாதது. ஒன்றுக்கு டாஸ்மாக், மற்றதற்கு பெவ்கோ. சம்பள நாள் சாயங்காலம் புருஷன் கையில் இருக்கும் பாட்டிலை விற்றதும் அரசு, இராத்திரி அவள் கூப்பிடும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எடுப்பதும் அரசு.

மொழிக்கு வருவோம். தேவிகுளம், பீர்மேடு தமிழர்களுக்குக் கேரளச் சட்டம் ஒரு நல்ல உரிமையைத் தந்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். குடும்ப வன்முறைச் சட்ட விதிகளும், பாதிக்கப்பட்டவளின் உரிமைகளைச் சொல்லும் படிவத்தை ஆங்கிலத்திலோ வட்டார மொழியிலோ கொடுக்கச் சொல்கின்றன. பீர்மேட்டின் வட்டார மொழி எது? அலுவலகத்துக்கு மலையாளம், லயத்துக்குத் தமிழ். லயத்துப் பெண்கள் மலையாளம் பேசாதவர்கள் அல்ல, சந்தையிலும் பஸ்ஸிலும் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் படுக்கையறையில் நடந்ததை அந்நியர் ஒருவரிடம் சொல்வதற்குத் தேவைப்படுவது சந்தை மொழி அல்ல. இந்த ஒரு விஷயத்தில், முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கம்பம் அவளுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊராட்சி அலுவலகத்தைவிடப் பக்கம்.

இனி வீடு. இரண்டு மாநிலங்களும் தட்டுத் தடுமாறும் இடம் இதுதான் என்பது என் கட்சி.

சட்டத்தின் 17-ஆவது பிரிவு, வீடு யார் பேரில் இருந்தாலும் அவள் அங்கே குடியிருக்கலாம் என்கிறது. 19-ஆவது பிரிவின்படி கணவனையே வெளியேறச் சொல்லி ஆணையிடலாம், அல்லது வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்கச் சொல்லலாம். 2020-இல் உச்ச நீதிமன்றம், மாமனார் பேரில் உள்ள வீடும் "பகிர்ந்து வாழும் வீடு" ஆகலாம் என்று விளக்கம் தந்தது. கம்பத்தில் மாமனார் கட்டிய வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இது உதவும். லயத்து வீடோ புருஷனுக்கும் சொந்தமில்லை, மாமனாருக்கும் சொந்தமில்லை. அது கம்பெனி வீடு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. அதனாலேயே வேலையும் வீடும் ஒட்டிப்போயின. யார் பெயர் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலையாள் பதிவேட்டில், இருக்கிறதோ அவர் இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும். புருஷன் பெயரில் ஒதுக்கிய வீட்டிலிருந்து புருஷனை வெளியேற்றும் ஆணை, காகிதத்தில் எழுதுவதற்குச் சுலபம். அவன் வேலையையும் விட்டுப் போய்விட்டால் அவளும் பிள்ளைகளும் எந்தக் கணக்கில் அங்கே இருப்பார்கள்? அடிப்பவனை விரட்டினால் கூரையும் போகும் என்று தெரிந்தவள் மனு எழுத மாட்டாள்.

இதிலே ஒரு விசித்திரம் உண்டு. கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள்தான். நிரந்தரத் தொழிலாளியாக அவளும், வெளி வேலைக்குப் போகிறவனாக அவனும் இருக்கும் குடும்பங்களில் வீடு நியாயமாக அவள் பேரில் வந்துவிடும். அந்த வீட்டில் அவன்தான் விருந்தாளி. அங்கே 19-ஆவது பிரிவு ஆணையின் ஒரு பிரதி எஸ்டேட் ஆபீசுக்குப் போனால் போதும், நிஜமாகவே வேலை செய்யும். 2000-இல் பீர்மேடு டீ கம்பெனி கைவிடப்பட்ட பின் நிலைமை தலைகீழானது. பூட்டிய தோட்டத்தில் செக்ரோலும் இல்லை, மேனேஜரும் இல்லை. பெண்கள் ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். இடிந்துவரும் லயத்தில் யாருக்கு என்ன உரிமை என்பதையே ஒருவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதபோது நடுவர் எந்த வீட்டுக்கு ஆணை போடுவார்? அதே இடுக்கி மாவட்டத்தில், 2015-இல் மூணாறில் பெண்கள் ஒற்றுமை என்று எழுந்த தோட்டப் பெண்கள், ஆண்களின் யூனியன்களை ஒதுக்கி வைத்துப் போனஸ் பெற்றார்கள். அந்த வேகம் வீட்டு ஒதுக்கீட்டை நோக்கித் திரும்பாமல் போனது, இந்தப் பிரச்சினையில் நழுவிய பெரிய வாய்ப்பு என்று நினைக்கிறேன்.

அரசு விடுதிகள் இந்தக் குறையை நிரப்பாதா? தமிழ்நாட்டில் சேவை இல்லங்கள், கேரளத்தில் மகிளா மந்திரங்கள், இரண்டிலும் மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 2015-இல் மத்திய அரசு தொடங்கிய சகி மையங்கள். அவை ஒரு வாரத்துக்கு நல்லவை. பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடமும் தன் பிழைப்பும் தோட்டத்தில் இருக்கும் பெண்ணுக்கு, மாவட்டத் தலைநகரில் ஒரு கட்டில் என்பது வேலையை விட்டுவிடு என்பதற்குச் சமம்.

இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வேண்டியவர் சட்டம் படைத்த பாதுகாப்பு அலுவலர். நிகழ்வு அறிக்கை எழுதுவது, மருத்துவமனைக்கு அனுப்புவது, நடுவரிடம் கொண்டுபோவது, ஆணை நிறைவேறுகிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கேரளம் முதலில் இந்த வேலையை நன்னடத்தை அலுவலர்களின் தலையில் கட்டியது, பின்னர் மகளிர் பாதுகாப்பு அலுவலர்களை வைத்தது. தமிழ்நாட்டில் சமூகநலத் துறையின் கீழ் இருக்கிறார்கள். இரண்டிலும் மாவட்டத்துக்கு ஒருவர் என்ற அளவுதான். இடுக்கி போன்ற மலை மாவட்டத்தில் ஒரே ஓர் அலுவலர் மறையூரிலும் வண்டிப்பெரியாரிலும் ஒரே வாரத்தில் எப்படி இருக்க முடியும்? 2025-இல் உச்ச நீதிமன்றம், தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்க எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பெரும்பாலும் ஏற்கெனவே அங்கன்வாடிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் அலுவலர்களுக்கே இன்னொரு பெயர்ப்பலகையாக அது முடியும் என்பது என் பயம்.

கட்டமைப்பைப் பார்த்தால் கேரளம் மேல் என்றே சொல்வேன்; அதன் மையங்கள் அவள் ஸ்டேஷன் வருவதற்கு முன்பே அவளைச் சந்திக்கின்றன. உடனடி அதட்டலுக்குத் தமிழ்நாடு. எல்லையில் வாழ்பவள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. 27-ஆவது பிரிவின்படி, அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் நடுவரிடமே மனுச் செய்யலாம். பிறப்பிக்கும் ஆணை இந்தியா முழுவதும் செல்லும். கொடுமை வழக்கையும் தஞ்சம் புகுந்த ஊரில் தொடரலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதாவது வண்டிப்பெரியாரில் அடி வாங்கியவள், அம்மா வீட்டில் இருந்தபடியே உத்தமபாளையத்தில் தமிழில் மனுக் கொடுத்து, லயத்து வீட்டுக்கு ஆணை வாங்கலாம்.

அந்த ஆணையை மலை ஏற்றிக் கொண்டுபோக ஆள் வேண்டும். 13-ஆவது பிரிவு, விசாரணை அறிவிப்பைப் பாதுகாப்பு அலுவலர் இரண்டு நாளுக்குள் எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பிக்க வேண்டும் என்கிறது, நடுவர் கூடுதல் அவகாசம் தந்தால் ஒழிய. தேனி அலுவலர் இடுக்கி அலுவலருக்கு அனுப்ப வேண்டும், அவர் பீர்மேடு காவல்துறையின் துணையோடு லயத்துக்குப் போக வேண்டும். தமிழில் புறப்பட்ட காகிதத்தை அங்கே யாராவது மலையாளத்தில் எழுதித்தர வேண்டும். குமுளி சோதனைச் சாவடி வழியாக ஏலக்காய் லாரிகளும் கூலிப் பெண்களின் ஜீப்புகளும் தினமும் போய் வருகின்றன. தேனியிலும் இடுக்கியிலும் உள்ள இந்த இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே, மாதத்துக்கு ஒரு கூட்டுக் கூட்டமாவது கம்பத்திலோ குமுளியிலோ நடத்த இரண்டு ஆட்சியர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். அதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், பட்ஜெட்டும் வேண்டாம்.