ஐந்து வீதத்துக்கு மேல இல்லை

பூங்கா நகரம் எண்டால் எங்கட பாடக்குறிப்புகளில வாறது எபனேசர் ஹோவார்ட் கீறின அந்த வட்டவட்டப் படம்தான். மரங்கள், அகலமான வீதிகள். ஆனால் 1898இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் கணிசமான பகுதி வெறும் கணக்கு. காசு எங்கிருந்து வரும், வாடகை எவ்வளவு, கடன் எப்படி அடைபடும் எண்டெல்லாம் பக்கம் பக்கமாகப் பார்க்கிறார்.

வயல் காணியில சனம் குடியேறினால் காணி விலை ஏறும். அந்த ஏற்றத்தை உண்டாக்கிறது குடியேறின சனம், கொண்டுபோறது காணிக்காரர். இதை மாற்ற ஹோவார்ட் புரட்சி கேட்கேல்லை. ஒரு கொம்பனி கேட்டார்!

1903 செப்டெம்பரில் ‘ஃபர்ஸ்ட் கார்டன் சிட்டி லிமிட்டட்’ பதிவானது. மூலதனம் 3 இலட்சம் பவுண் எண்டு தீர்மானித்தார்கள். லண்டனுக்கு வடக்கே லெட்ச்வேர்த்தில் 3,818 ஏக்கர் வாங்கினார்கள். காணியை விற்கிறதில்லை, குத்தகை மட்டும்தான். பங்குதாரருக்கு வருடத்துக்கு 5 வீதத்துக்கு மேல் பங்கிலாபம் இல்லை, மிச்சம் நகரத்துக்கு.

5 வீதத்தைக் காட்டி ஆரை இழுக்கிறது? பங்குகள் மெதுவாகத்தான் விலைப்பட்டன. வீதி, தண்ணீர், காஸ் எல்லாம் கொம்பனியே போடவேண்டியிருந்தது, அதுக்குக் கடன். முதலாவது பங்கிலாபம் வந்தது 1913இல். பத்து வருசம் சும்மா காத்திருந்த அந்தப் பங்குதாரரைப் பற்றி ஆரும் பெரிசாக எழுதுறதில்லை.

உண்மையான விட்டுக்கொடுப்பு வேறொரு இடத்தில நடந்தது. குத்தகை வாடகையை இடைக்கிடை திருத்தவேணும், அப்பதான் விலையேற்றம் நகரத்துக்கு வரும் எண்டது ஹோவார்டின் திட்டம். தொழிற்சாலைக்காரர் பயந்து வராமல் விட்டிடுவினம் எண்டு இயக்குநர்கள் அதைக் கைவிட்டார்கள். 99 வருடக் குத்தகை வந்தது. ஒருக்கா எழுதின வாடகை அப்பிடியே நிண்டது, காணியின் பெறுமதி மட்டும் ஏறிக்கொண்டு போனது.

இப்ப ஒரு வியாபாரியின் கண்ணால பாருங்கோ. லாபம் குறைவு, அதால பங்கு மலிவு. அந்தப் பங்குக்குப் பின்னால இருக்கிறதோ முழு நகரம். குத்தகைகள் முடியேக்க எல்லாம் கொம்பனிக்கே திரும்பிவரும். 1950களில் பங்கிலாப வரம்பும் நீக்கப்பட்டது. 1960இல் ‘ஹோட்டல் யோர்க்’ எண்ட கொம்பனி பங்குகளை வாங்கிக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது.

நகரசபையும் குடியிருப்பாளரும் எதிர்த்து நிண்டார்கள். 1962இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே போட்டு, அடுத்த வருடம் சொத்தைப் பொதுக் கூட்டுத்தாபனத்துக்கு மாற்றியது. 1995இலிருந்து அதை வைத்திருப்பது ஒரு அறக்கட்டளை. அதுக்குப் பங்குதாரரே கிடையாது. வாற வாடகை லெட்ச்வேர்த்துக்குள்ளேயே செலவாகுது.