சிங்கக் கொடி

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடி. வாளேந்திய சிங்கம் பொறித்தது. 1815இல் பிரித்தானியர் கைப்பற்றிய கொடி, 1948இல் சுதந்திர இலங்கையில் மீண்டும் ஏறியது. தமிழரையும் முஸ்லிம்களையும் குறிக்கும் செம்மஞ்சள், பச்சைப் பட்டைகள் பின்னர் சேர்ந்தன. சிங்களத் தீவிரவாதக் குழுக்கள் அப்பட்டைகளை நீக்கிவிட்டு வெறும் சிங்கத்தைத் தூக்கிப் பிடித்தன. 2016 தொடக்கத்தில் ‘சிங்ஹ லே’ (சிங்க இரத்தம்) ஸ்டிக்கர்கள் ஓட்டோக்களில் பரவின; நுகேகொடையில் முஸ்லிம் வீட்டு வாயில்களிலும் அது எழுதப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிங்கத்துக்கு உரியவன் தென்னிந்திய நாயக்கர் வம்சத்தவன்; வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான். சோழரின் புலிக்கும், விடுதலைப் புலிகள் அதை எடுத்துக்கொண்டபின், ஏறக்குறைய இதே கதிதான்.