பட்டத்துக்கு யார் செலவழிப்பது?

அமெரிக்காவில் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் படிக்க நினைப்பவர் முதலில் சந்திக்கும் கேள்வி, பிஎச்.டி.யா, சைடி (Psy.D.) எனப்படும் உளவியல் முனைவர் பட்டமா என்பது. ஆராய்ச்சியில் நாட்டமிருந்தால் முன்னது, சிகிச்சை அளிக்கும் ஆசையிருந்தால் பின்னது என்று வழிகாட்டிகள் எளிதாகப் பிரித்துவிடுகிறார்கள். துறையின் வரலாற்றைப் பார்த்தால் இது பாதி உண்மைதான். கொள்கை வேறுபாடு இருந்தது. அதைவிட அதிகமாக வேலை செய்தது பணம். உளவியலாளரை உருவாக்கும் செலவை அரசு ஏற்றதா, மாணவரே ஏற்றாரா என்பதில்தான் இரு வழிகளும் உண்மையில் பிரிந்தன.

1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் முதல் உளவியல் சிகிச்சையகத்தைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டி எழுதத் திணறிய ஒரு சிறுவனை ஆசிரியை அழைத்துவந்ததே முதல் வழக்கு. அதன்பின் அரை நூற்றாண்டு இது சிறிய துறையாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போர்தான் நிலைமையை மாற்றியது. போரிலிருந்து மனக்காயங்களோடு திரும்பிய வீரர்களைக் கவனிக்க மனநல மருத்துவர்கள் போதவில்லை. 1946-இல் முன்னாள் படைவீரர் நிர்வாகம் 22 பல்கலைக்கழகங்களில் சுமார் 200 மாணவர்களோடு பயிற்சித் திட்டம் தொடங்கியது. மாணவர்கள் அதன் மருத்துவமனைகளில் பகுதிநேரம் வேலை செய்து ஊதியமும் பெற்றார்கள். அரசுப் பணம் வந்ததும் எந்தப் பல்கலைக்கழகம் தகுதியானது என்ற கேள்வி எழுந்தது. அங்கீகார முறை அதிலிருந்தே வளர்ந்தது. உளவியலாளர் டேவிட் ஷாகோ தலைமையிலான குழு 1947-இல் பாடத்திட்டம் வகுத்தது. 1949 ஆகஸ்டில் கொலராடோவின் போல்டரில் சுமார் எழுபது பேர் கூடி இரண்டு வாரம் விவாதித்து, உளவியலாளர் ஆராய்ச்சியாளராகவும் சிகிச்சையாளராகவும் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். சிகிச்சைகள் பலிக்கின்றனவா என்பதற்கே அன்று உறுதியான சான்று குறைவு. ஆகவே சோதித்துப் பார்க்கத் தெரிந்தவரே சிகிச்சை அளிக்கட்டும் என்பது நியாயமான வாதம்தான்.

ஆனால் பட்டம் பெற்றவர்களில் பெரும்பாலோர் அதன்பின் ஓர் ஆய்வுக்கட்டுரைகூட எழுதவில்லை என்ற குறை விரைவிலேயே எழுந்தது. 1968-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பீட்டர்சன் தலைமையில் முதல் சைடி படிப்பு தொடங்கியது. 1973-இல் கொலராடோவின் வேய்ல் மாநாடு அந்த வழியை அங்கீகரித்தது. இடையில் 1969-இல் நிக்கலஸ் கம்மிங்ஸ் கலிபோர்னியாவில், பல்கலைக்கழகம் சாராமல் தனித்து இயங்கும் உளவியல் தொழிற்கல்லூரியை நிறுவினார். இலினாயின் படிப்பு அரசுப் பல்கலைக்கழகத்துக்குள் நடந்தது. கலிபோர்னியக் கல்லூரி மாணவர் கட்டணத்தை நம்பி நடந்தது. அக்கல்லூரி தொடக்கத்தில் வழங்கியது பிஎச்.டி. பட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டத்தின் எழுத்துகளை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது.

தொழிற்கல்லூரிகள் இல்லையென்றால் இத்தனை பேருக்கு வாசல் திறந்திருக்குமா என்று கேட்கலாம். திறந்திருக்காது. பல பிஎச்.டி. துறைகள் ஆண்டுக்குப் பத்துப் பேரைக்கூடச் சேர்ப்பதில்லை. சிகிச்சைக்குக் காத்திருப்போரோ ஏராளம். ஆனால் திறந்த வாசலின் விலையை மாணவரே கொடுத்தார். பிஎச்.டி. துறைகள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தந்துகொண்டிருக்க, தொழிற்கல்லூரிகளில் பலர் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிய கடனோடு வெளியேறினார்கள். கட்டணத்தால் வாழும் நிறுவனத்துக்கு வகுப்பைப் பெருக்குவதில் லாபம் உண்டு. பட்டத்துக்குக் கட்டாயமான ஓராண்டு இன்டர்ன்ஷிப் இடங்களோ நெடுங்காலம் அதே வேகத்தில் பெருகவில்லை. சைடி படிப்புகளை நடத்திவந்த ஆர்கோசி பல்கலைக்கழகம் 2019 மார்ச்சில் மூடப்பட்டபோது மாணவர்கள் படிப்பின் நடுவிலேயே நிற்க நேர்ந்தது. இதனால் சைடி பட்டமே தாழ்ந்தது என்று ஆகாது. ரட்கர்ஸ் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களிலும் அது நெடுங்காலமாக வழங்கப்படுகிறது.

ஆகவே சேர நினைப்பவர் பட்டத்தின் பெயரைப் பிறகு பார்க்கட்டும். கட்டணம் யார் தருகிறார்கள், ஒரு வகுப்பில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு அங்கீகாரம் பெற்ற இன்டர்ன்ஷிப் கிடைக்கிறது என்ற மூன்றையும் முதலில் கேட்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற படிப்புகள் கட்டணம், இன்டர்ன்ஷிப் போன்ற விவரங்களை வெளியிட்டாக வேண்டும் என்பது விதி.