தமிழ் மென்பொருள் (தனியாள் கணினி)

தனியாள் கணினியில் தமிழை எழுதவும் காட்டவும் அச்சிடவும் தேடவும் துணைசெய்யும் நிரல்கள், எழுத்துருக்கள், விசைப்பலகை அமைப்புகள், குறிமாற்றிகள் ஆகியவற்றுக்குப் பொதுவான பெயர். சொற்செயலியும் விரிதாளும் எல்லா மொழியாருக்கும் ஒன்றே. தமிழில் வேலை செய்பவருக்கு ஒரு கேள்வி கூடுதலாக உண்டு: எழுத்துகள் எந்தக் குறிமுறையில் கோப்பில் பதிகின்றன? வசதிகளையும் விலையையும் அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், போரதீவுப்பற்றில் உள்ள பழுகாமத்தை ஒட்டியவை.

தட்டச்சுப்பொறியிலிருந்து கணினிக்கு

தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து சிங்கப்பூருக்குச் சென்ற ஆர். முத்தையா. 247 எழுத்துகளையும் நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்க, கொம்பு, அரவு, புள்ளி முதலியவற்றைத் தனி விசைகளாகப் பிரித்தார். ‘போரதீவு’ என்று அடிக்கையில் கொம்பு முதலில், பகரம் அடுத்து, அரவு கடைசியில் வரும். கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கே கையின் ஒழுங்கு. கணினி வந்த பின்னும் இந்தக் கைப்பழக்கம் மாறவில்லை.

கணினித் தமிழின் முன்னோடி என்று கனடாவில் சீனிவாசன் 1984இல் ஆக்கிய ஆதமியையே சொல்ல வேண்டும். டாஸ் இயங்குதளத்தில் ஓடிய சொற்செயலி அது. மறு ஆண்டில் மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு தோன்றியது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் முறையைக் கொண்டு 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகத் தந்தார். தமிழ்நாட்டு அரசுக்கு முன்பே கடல்கடந்த தமிழர் இத்துறையில் இறங்கிவிட்டனர் என்பது இங்கே குறிக்கத்தக்கது.

ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் ஆட்சி செய்தது பாமினி. இது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் எழுத்துரு. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் அந்த ஆங்கிலக் கிறுக்கலே தெரியும். ஆயினும் கோயில் திருவிழா அறிவித்தல், திருமண அழைப்பிதழ், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் எல்லாம் பாமினியும் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும் சேர்ந்து தந்தவையே. 2001இல் வெளிவந்த ஏழாம் பதிப்போடு பேஜ்மேக்கரின் வளர்ச்சி நின்றுவிட்டது. ஒருங்குறி (யூனிகோடு) அதற்குத் தெரியாது. அச்சகங்கள் பாமினியை விடாததற்கு இதுவே பெருங்காரணம். பழைமைப் பற்றென்று அவர்களைக் குறைசொல்வது அச்சுக்கூடத்து வேலையை அறியாதவர் பேச்சு.

குறிமுறைகளின் வகை

தமிழ்க் குறிமுறைகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, பாமினி போன்ற தனி எழுத்துருக் குறிமுறைகள். இரண்டாவது, பலர் கூடி ஒப்புக்கொண்ட எட்டுபிட்டுக் குறிமுறைகள். மின்னஞ்சல்வழி விவாதித்து வகுக்கப்பட்ட தஸ்கியும், 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெற்99 மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப், டாம் இரண்டும் இவ்வகையின. தமிழ்99 விசைப்பலகையும் அம்மாநாட்டின் விளைவே. உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் வரும் அது புதிதாகக் கற்போருக்கு எளிது. தட்டச்சுப் பயின்ற இலங்கைக் கைகளுக்கு அதனால் ஆதாயமில்லை.

மூன்றாவது ஒருங்குறி. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய அரசின் இஸ்கி முறையை ஒட்டி அமைந்ததால் னகரம் நகரத்தை அடுத்து வந்து நெடுங்கணக்கு கலைந்தது. உயிர்மெய்களுக்கும் தனியிடம் கிடைக்கவில்லை. ‘பழுகாமம்’ நமக்கு ஐந்தெழுத்து, ஒருங்குறிக்கு எட்டுக் குறிகள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே குறி தரும் டேஸ்16 முறையில் ஐந்தே போதும். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுக் காலத்தில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு டேஸ்16ஐயும் ஏற்றது. ஆனால் அது ஒருங்குறியின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில் அமைந்தமையால் பொது மென்பொருள்கள் அதனைத் தமிழாக அறிவதில்லை. வரிசைப்படுத்தும் குறையை விண்டோஸ் முதலிய இயங்குதளங்களின் அகரவரிசை விதிகள் தீர்த்துவிட்டதால் ஒருங்குறியே போதுமானது எனக் கொள்க.

இலங்கையில்

தமிழ் 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தால் அரசகரும மொழியானது. கணினியில் அதற்குரிய நியமம் எஸ்எல்எஸ் 1326 ஆக 2008இல்தான் வந்தது. ஒருங்குறியையும், தட்டச்சு மரபில் வந்த ரெங்கநாதன் விசைப்பலகையையும் அது ஏற்றது. சரியான முடிவு.

படுவான்கரை 2007வரை போரில் அரசின் கட்டுப்பாட்டு எல்லைக்கு மறுபுறம் இருந்தது. அண்மை நகரான களுவாஞ்சிகுடி பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால், வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில். கொழும்பில் விண்டோஸ் 98 பழசாகிக்கொண்டிருந்த ஆண்டுகள் இக்கரையில் இடம்பெயர்வின் ஆண்டுகள். பின்னர் பாடசாலைக் கணினி அறைகளும், உயர்தர மாணவருக்கான பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சையும் வந்தன. அப்பரீட்சைக்குரிய பாடநூல்களின் தமிழ்க் கலைச்சொற்களைக் காணும்போது, 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் என்பதை நினைக்காமல் இருக்க முடியாது.

தெரிவும் பயன்பாடும்

புதிதாக எழுதுவதை ஒருங்குறியில் எழுதுவதே முறை. விண்டோஸ் 2000 முதல், லதா எழுத்துருவுடன், இயங்குதளமே தமிழை அறியும். விசைப்பலகைக்கு இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் பாமினி வரிசையிலேயே அடித்து ஒருங்குறியைப் பெறலாம். பழைய கோப்புகளுக்குச் சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் போன்ற குறிமாற்றிகள் உண்டு. மாற்றியதை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது அவசியம்: நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் அவை தமிழாக்கிவிடும். மாணவர் பெயர்ப்பட்டியல், சங்கக் கணக்கு போன்று பின்னாளில் தேடவேண்டியவற்றைப் பாமினியில் வைத்தல் ஆகாது.

உரிமமின்றிப் பிரதிசெய்த மென்பொருள் இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு மாறானது. அலுவலகப் பணிக்கு, விலையின்றிக் கிடைப்பதும் தமிழ் இடைமுகம் உடையதுமான லிப்ரே ஓபிஸ் போதும்.

விண்டோஸ் 8உடன் தமிழையும் கொண்ட நிர்மலா எழுத்துரு வந்தது. கைபேசி விசைப்பலகையும் குரல்வழித் தட்டச்சும் தற்போது பரவிவருகின்றன.