பின்னாலிருந்து படித்தால்

1992இல் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. சுருக்கமாக டி.ஏ.எஃப். இந்த மூன்று எழுத்தையும் பின்னாலிருந்து படித்தால் எஃப்.ஏ.டி.; ஆங்கிலத்தில் 'குண்டு'. பெயர் வைத்தவர்கள் கவனித்தார்களோ இல்லையோ, பிள்ளைகள் கவனித்துவிட்டார்கள்.

நோக்கத்தில் குறையில்லை. நாடு வசதியானபோது பிள்ளைகளின் எடையும் கூடியது. அதனால் உயரத்தையும் எடையையும் அளந்தார்கள். கோட்டைத் தாண்டியவர்கள் டி.ஏ.எஃப். குழுவில் சேர வேண்டும். அவர்களுக்குக் கூடுதல் உடற்பயிற்சி, பல பள்ளிகளில் இடைவேளை நேரத்திலேயே. சில இடங்களில் கேண்டீனில் இவ்வளவு கலோரிக்குத்தான் வாங்கலாம் என்று கூப்பன்கூட கொடுத்தார்கள். எடை மிகுந்த மாணவர்களின் விழுக்காட்டையும் நாஃபா தேர்ச்சியையும் பார்த்துப் பள்ளிகளுக்கு விருது வழங்கப்பட்டது.

திட்டத்தின் கடைசி ஆண்டுகளில் நான் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். மணி அடித்ததும் நாங்கள் நாசி லெமாக் வரிசைக்கு ஓடுவோம். நாலைந்து பேர் மட்டும் திடலுக்குப் போவார்கள். என் வகுப்பு நண்பன் திரும்பி வரும்போது ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவசர அவசரமாக விழுங்குவான். "மெதுவா சாப்புடுடா" என்றால், "யாராச்சும் பாத்துடுவாங்கடா" என்பான். ஓடியதில் அவன் எடை குறைந்ததா என்று எனக்கு நினைவில்லை. சாப்பாட்டை மறைக்கக் கற்றுக்கொண்டது நினைவிருக்கிறது.

திட்டம் தோற்றது என்று சொல்ல முடியாது. 1992இல் சுமார் 14 விழுக்காடாக இருந்த எடை மிகுந்த மாணவர்களின் அளவு, பத்தாண்டுகளில் 10 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. பொறியாளன் என்பதால் எனக்கு எண்கள்மீது மரியாதை உண்டு. ஆனால் எதை அளக்கிறோமோ அதுதான் சரியாகும் என்பதும் எங்கள் தொழிலில் பாலபாடம். இங்கே அளந்தது எடைத் தராசு மட்டும்.

தராசு காட்டாததை ஒருவர் முன்பே பார்த்திருந்தார். உடல் நிறை குறியீட்டுக்கு பி.எம்.ஐ. என்ற பெயரை 1972இல் வைத்த அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ்தான் அவர். 1944 இறுதியில் மினசோட்டாவில் தொடங்கிய ஆய்வில், தாங்களாகவே முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் உணவைக் குறைத்துக் கொடுத்தார். எடை கால்வாசி குறைந்தது. கூடவே அவர்கள் சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், சிடுசிடுத்தார்கள். மறுபடி தாராளமாக உணவு கிடைத்தபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. மன உறுதி இல்லாதவர்கள் அல்லர். பறித்த உணவு மூளையை முழுசாகப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

டி.ஏ.எஃப். பட்டினி போடவில்லை, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கட்டுப்பாட்டோடு வெட்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க, 1950இலேயே அச்சான கீஸின் ஆய்வு போதுமானதாக இருந்தது.

2007இல் திட்டம் முடிந்தது. அடுத்து வந்த ஏற்பாடு யாரையும் தனியே பிரிக்காமல், எல்லா மாணவர்களிடமும் உடலோடு மனநலத்தையும் சேர்த்துப் பேசியது. இன்று நல்ல பயிற்சியாளர்கள் தராசில் ஏற்றுவதற்கு முன்னால் தூக்கத்தைப் பற்றியும் பிடித்த சாப்பாட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். 'ரொம்பச் செல்லம் கொடுக்கிறாங்க' என்பவர்கள் உண்டு. எனக்கு அது துல்லியமான அளவையாகத் தெரிகிறது. நம் வீடுகளில் "சாப்ட்டியா?" என்ற கேள்வியில் கணக்கு இருந்ததில்லை, அக்கறைதான் இருந்தது. அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்ல முடிகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்த்து எந்தப் பள்ளிக்கும் அன்று விருது கொடுக்கவில்லை.