மனிதாபிமானம்: அந்தமான் வரலாற்றில் ஒரு சொற்பொருள் ஆய்வு

‘மனிதாபிமானம்’ என்னும் தொகைச்சொல்லின் இரண்டாம் உறுப்பாகிய ‘அபிமானம்’ வடமொழியில் பெரும்பாலும் செருக்கையும், தமிழில் பற்றையும் குறிக்கும். ‘மனிதநேயம்’ என்பதிலும் நேயம் அன்பே. ஆதலின் தமிழ் வழக்கில் இச்சொற்கள் துன்புறுவோரை அணுகி உதவுதலையே முதன்மையாக உணர்த்துகின்றன.

அந்தமான் வரலாறு இப்பொருளை மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது. 1858இல் போர்ட் பிளேயரில் ஆங்கிலேயர் கைதிகளின் குடியேற்றத்தை நிறுவினர். 1863இல் ஹென்றி கார்பின் என்னும் பாதிரியாரின் பொறுப்பில் ராஸ் தீவில் ‘அந்தமான் இல்லம்’ தொடங்கப்பெற்றது. பெரிய அந்தமானியர்க்கு உணவும் உடையும் கல்வியும் அளித்து அவர்களை ‘நாகரிகப்படுத்துதல்’ அதன் நோக்கம். ஆயினும் நெருக்கம் நோயையும் கொணர்ந்தது. 1877இல் தட்டம்மை பரவிப் பலர் மாண்டனர். குடியேற்றத்தின் தொடக்கத்தில் சில ஆயிரவராக மதிப்பிடப்பட்ட அம்மக்கள், 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேராகக் குறைந்தனர். தமிழ் தரும் ‘பற்று’ என்னும் பொருளுக்குள் வடமொழியின் ‘செருக்கு’ம் இங்கு உடனுறைந்தது எனலாம்.

இதற்கு மாறாக, ஜாரவா மக்கள் குறித்து 2004இல் அறிவிக்கப்பட்ட அரசின் கொள்கை, அவர்தம் வாழ்வில் தலையீட்டை இயன்றவரை குறைக்க வேண்டும் என்கிறது. எனவே, அணுகி உதவுதலோடு அளவறிந்து விலகி நிற்றலும் மனிதாபிமானத்தின் பொருளுள் அடங்கும் எனக் கொள்ளுதல் தகும்.